எந்த ஸ்டேட்ல எவ்ளோ பொது நிலம், அதுல நாம கால் வைக்க முடியுமா, அந்த ஸ்டேட்டோட பொருளாதாரம் எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸ், ஆஸ்டின், நியூ ஜெர்சி பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க யூட்டா, மொன்டானான்னு ஒரு தடவை போயிட்டு வந்தா கேட்கிற முதல் கேள்வி, "அங்க ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு யாரையும் கேட்காம மலை ஏறிப் போறாங்களே, நம்ம ஊர்ல ஏன் ரெண்டு பக்கமும் முள்வேலியா இருக்கு?" ரெண்டாவது கேள்வி, "இவ்ளோ நிலத்த கவர்மென்ட் கையில சும்மா வச்சிருந்தா அந்த ஸ்டேட் எப்படி முன்னேறும்?" 2025 ஜூன்ல பொது நிலத்த விக்கணும்னு செனட்ல ஒரு திட்டம் வந்ததுலேர்ந்து இந்தக் கேள்வி இன்னும் அதிகமாயிடுச்சு. எனக்குத் தெரிஞ்சதை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

பப்ளிக் லேண்ட்னா நேஷனல் பார்க் தானே?

இல்லங்க, பார்க் அதுல சின்னப் பங்குதான். ஃபெடரல் கவர்மென்ட் கையில மொத்தம் கிட்டத்தட்ட 64 கோடி ஏக்கர் இருக்கு, நாட்டோட நிலப்பரப்புல நூத்துக்கு 28. அதுல பெரிய பங்கு பிஎல்எம்னு சொல்ற நில மேலாண்மைத் துறைகிட்ட, சுமார் 24.5 கோடி ஏக்கர். அடுத்து ஃபாரஸ்ட் சர்வீஸ், 19.3 கோடி. நேஷனல் பார்க் எல்லாம் சேர்த்தா எட்டு கோடி சொச்சம்தான். பார்க்குல கேட் இருக்கும், டிக்கெட் இருக்கும். பிஎல்எம் நிலத்துல பெரும்பாலும் கேட்டும் கிடையாது டிக்கெட்டும் கிடையாது, மாடு மேயும், பக்கத்துலயே எண்ணெய்க் கிணறு ஓடும், அதே இடத்துல யாரோ டென்ட் போட்டுத் தூங்குவாங்க. இதுக்கு மேல ஸ்டேட்டோட சொந்த நிலம்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுக்கு ரூல்ஸே வேற, கீழ சொல்றேன்.

எந்த ஸ்டேட்ல எவ்ளோ இருக்கு?

நெவாடால நூத்துக்கு 80 ஃபெடரல் நிலம். யூட்டா 63, ஐடஹோ 62, அலாஸ்கா 61 பக்கம். ஆரிகன்ல பாதிக்குக் கொஞ்சம் மேல, வயோமிங்ல பாதிக்குக் கொஞ்சம் கீழ. கலிஃபோர்னியா 45, கொலராடோ 36, மொன்டானா 29. கிழக்க வந்தா அப்படியே சரிஞ்சிடும், டெக்சாஸ்ல 2 கூட வராது, நியூ யார்க், கேன்சஸ், அயோவா, கனெக்டிகட் எல்லாம் 1க்கும் கீழ.

ஏன் மேற்குல மட்டும் இப்படி?

1862ல ஹோம்ஸ்டெட் சட்டம் வந்துச்சு, 160 ஏக்கர் எடுத்துக்கோ, அஞ்சு வருஷம் இருந்து பயிர் பண்ணு, நிலம் உன்னோடது. மழை பெய்யிற ஊர்ல 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நெவாடா, யூட்டா மாதிரி வறண்ட பூமியில அதை வச்சு நாலு மாட்டைக்கூட உருப்படியா மேய்க்க முடியாது, அதனால நல்ல தண்ணி இருக்கிற ஆத்தோரத்த எல்லாம் எடுத்துக்கிட்டாங்க, மிச்சம் அப்படியே அரசாங்கத்துகிட்ட நின்னு போச்சு. 1934ல டெய்லர் மேய்ச்சல் சட்டம் அந்த மிச்ச நிலத்துல மேய்ச்சலுக்கு பெர்மிட் கொண்டு வந்துச்சு, 1976ல வந்த சட்டம் இனிமே இந்த நிலம் பொதுவா ஃபெடரல் கையிலயே இருக்கும்னு முடிவு பண்ணிடுச்சு.

ஆனா இதுல யாரும் சொல்லாம விட்டுடுற பாதி ஒண்ணு இருக்கு. அந்த நிலம் சும்மா கிடந்தது இல்ல, பழங்குடி மக்கள்கிட்டேர்ந்து ஒப்பந்தம் போட்டும், போட்ட ஒப்பந்தத்த மீறியும், சண்டை போட்டும் எடுத்தது. தெற்கு டகோட்டால பிளாக் ஹில்ஸ் மலைய லகோட்டா மக்கள்கிட்டேர்ந்து எடுத்தது தப்புன்னு 1980ல சுப்ரீம் கோர்ட்டே நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியும், எங்களுக்குப் பணம் வேணாம் மலைதான் வேணும்னு இன்னைக்கு வரைக்கும் அதை வாங்காம இருக்காங்க, அது வட்டியோட 100 கோடி டாலரத் தாண்டி நிக்குது. ஸ்டேட்டோடதா ஃபெடரலோடதான்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கும்போது இந்த மூணாவது ஆளை மறந்துட்டுப் பேசுறது எனக்குச் சுத்தமா ஒத்துக்காது.

டெக்சாஸ்ல ஏன் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல?

டெக்சாஸ் தனி நாடா இருந்து 1845ல அமெரிக்காவோட சேர்ந்துச்சு, சேரும்போது தன் கடனையும் தானே வச்சுக்கிச்சு தன் நிலத்தையும் தானே வச்சுக்கிச்சு. அப்புறம் கடன அடைக்க, ரயில்வேக்குக் கொடுக்க, ஸ்கூலுக்குப் பணம் சேர்க்கன்னு வித்துக்கிட்டே வந்தாங்க. இன்னைக்கு 95 சதவீதத்துக்கு மேல தனியார் நிலம். மான் வேட்டைக்குப் போகணும்னா நிலத்துக்காரர்கிட்ட லீஸ் எடுத்துப் பணம் கட்டணும். நியாயமா பார்த்தா அவங்க நல்லதும் பண்ணியிருக்காங்க. மேற்கு டெக்சாஸ்ல 21 லட்சம் ஏக்கரை யுனிவர்சிட்டிக்குன்னு ஒதுக்கி வச்சாங்க, அங்க 1923ல சான்டா ரீட்டா கிணத்துல எண்ணெய் வந்துச்சு, அந்தக் காசுலதான் டெக்சாஸ் யுனிவர்சிட்டியும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டியும் வளர்ந்துச்சு. 1959ல கடற்கரை எல்லாருக்கும் பொதுன்னு சட்டமும் போட்டாங்க.

ஆனா பொது நிலம் இல்லாததோட வலி எப்ப தெரியும்னா, ஃபேர்ஃபீல்ட் லேக் ஸ்டேட் பார்க் கதைய பாருங்க. டல்லாஸ்க்கும் ஹூஸ்டனுக்கும் நடுவுல, மீன் பிடிக்கிற ஏரி, கேம்ப் கிரவுண்டு, அம்பது வருஷத்துக்கிட்ட மக்கள் வந்துட்டுப் போன பார்க். அந்த நிலம் ஸ்டேட்டோடது இல்ல, ஒரு மின்சாரக் கம்பெனியோடது, ஸ்டேட் லீஸ்ல வச்சிருந்துச்சு. கம்பெனி 2023ல ஒரு ரியல் எஸ்டேட் பார்ட்டிக்கு வித்துடுச்சு, பார்க்க மூடிட்டாங்க. கட்டாயக் கையகப்படுத்தல் பண்ணலாம்னு ஸ்டேட் தீர்மானம் போட்டு, அப்புறம் விலை கட்டுப்படியாகலன்னு கைவிட்டாச்சு. அதே வருஷம் நவம்பர்ல பார்க்குக்கு நிலம் வாங்க 100 கோடி டாலர் ஃபண்டுக்கு மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டாங்க, சந்தோஷம்தான், ஆனா ஒரு காலத்துல கையில இருந்து வித்த நிலத்த இப்ப மார்க்கெட் விலைக்குத் திருப்பி வாங்குற நிலைமை.

பொது நிலம் அதிகமா இருந்தா ஸ்டேட் ஏழையா இருக்குமா?

நேரடி சம்பந்தம் கிடையாது. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா ரெண்டு கட்சிக்காரங்களும் தனக்குச் சாதகமான ரெண்டு ஸ்டேட்ட எடுத்து வச்சுக்கிட்டுப் பேசுவாங்க. மாசசூசெட்ஸ், நியூ யார்க் ரெண்டுலயும் ஃபெடரல் நிலம் பேருக்குத்தான், தலைக்கு வருமானம் உச்சத்துல. மிசிசிப்பிலயும் பொது நிலம் கம்மிதான், அங்க தலைக்கு உற்பத்தி நாட்டுலயே கடைசி. யூட்டால முக்கால்வாசிக்குக் கிட்ட ஃபெடரல், ஸ்டேட் நிலம்தான், ஆனா அங்க வறுமை நாட்டுலயே ரொம்பக் கம்மியா இருக்கிற ஸ்டேட்ல ஒண்ணு, சால்ட் லேக் சிட்டிலேர்ந்து ப்ரோவோ வரைக்கும் ஐடி கம்பெனி வரிசையா நிக்குது. பக்கத்துல நியூ மெக்சிகோ, மூணுல ஒரு பங்கு ஃபெடரல் நிலம், வறுமைல முதல் வரிசை.

மேற்குல இருக்கிற கிராமப்புற கவுண்டிகள (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மட்டும் எடுத்துப் பார்த்தா, ஃபெடரல் நிலம் அதிகமா இருக்கிற கவுண்டில மக்கள் தொகை, வேலை, வருமானம் எல்லாம் மத்த கவுண்டிய விட வேகமா வளர்ந்திருக்குன்னு மொன்டானால போஸ்மன் ஊர்ல இருக்கிற ஹெட்வாட்டர்ஸ் எகனாமிக்ஸ்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு பல வருஷமா காட்டிட்டு வருது. அதை வச்சு நிலத்தாலதான் வளர்ந்துச்சுன்னு சொல்லிட முடியாது, மலை அழகா இருக்கிற ஊருக்கு லேப்டாப்போட ஆளுங்க குடி போறாங்க, அங்க ஏர்போர்ட் இருக்கா, இன்டர்நெட் வருதா, இதெல்லாம் சேர்ந்துதான் கணக்கு. ஆனா பொது நிலம் இருந்தா ஊர் செத்துடும்னு சொல்றது பொய்னு மட்டும் அடிச்சுச் சொல்லலாம்.

நியூ மெக்சிகோவுக்கு என்ன ஆச்சு?

அங்க நிலத்துலேர்ந்து பணம் கொட்டுது, டெக்சாஸ்க்கு அடுத்து எண்ணெய் எடுக்கிறதுல ரெண்டாவது ஸ்டேட் அதுதான். ஃபெடரல் நிலத்துல எடுத்தா வர்ற ராயல்டில கிட்டத்தட்ட பாதி 1920ம் வருஷச் சட்டப்படி ஸ்டேட்டுக்கு வந்துடும், ஸ்கூல் மாதிரி விஷயத்துக்குன்னு ஸ்டேட் வச்சிருக்கிற டிரஸ்ட் நிலத்துல எடுத்தா முழுசா வரும். இந்தப் பணத்தச் சேர்த்து வைக்கிற நிரந்தர ஃபண்டு எல்லாம் சேர்த்து 50 பில்லியன் டாலரத் தாண்டிடுச்சு. அவ்ளோ இருந்தும் பல தலைமுறை வறுமை, ரொம்ப தூரம் தூரமா இருக்கிற கிராமம், ஃபெடரல் ஆராய்ச்சிக்கூடத்த நம்பி இருக்கிற வேலைன்னு பொருளாதாரம் அப்படியே நின்னுடுச்சு. 2022ல அந்தப் பழைய ஃபண்டுலேர்ந்து சின்னப் பிள்ளைங்க கல்விக்குக் கூடுதலா எடுக்கலாம்னு ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தயே திருத்துனாங்க, 2025 நவம்பர்லேர்ந்து வருமானம் எவ்ளோன்னு பார்க்காம எல்லாருக்கும் குழந்தைப் பராமரிப்பு இலவசம்னு கொண்டு வந்துட்டாங்க, அமெரிக்காவுல முதல் ஸ்டேட் அதுதான். பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும். நிலத்து வருமானத்த எங்க போடணும்னு கேட்டா நான் கை காட்டுற இடம் இதுதான்.

வயோமிங் கதை வேற மாதிரி. பவுடர் ரிவர் பேசின்லேர்ந்துதான் அமெரிக்காவோட நிலக்கரில அஞ்சுல ரெண்டு பங்கு வருது, அந்த வருமானத்த வச்சு ஸ்டேட் இன்கம் டாக்ஸே இல்லாம ஓட்டுனாங்க, 1974லயே ஒரு கனிம நிதி ஆரம்பிச்சுச் சேர்த்தும் வச்சாங்க. 2008ல 46 கோடி டன்னுக்கு மேல எடுத்தது 2023ல அதுல பாதி ஆயிடுச்சு. பட்ஜெட் ஒரே பொருளை நம்பி இருந்தா விலை இறங்கும்போது ஸ்கூல் டீச்சர் சம்பளமும் சேர்ந்து ஆடும்.

மேப்ல பொது நிலம்னு போட்டிருந்தா நான் போலாமா?

இங்கதான் பெரிய ஏமாத்தம். நிலம் உங்களோடது, ஆனா அதுக்குப் போற வழி உங்களோடது இல்ல. மேற்கு ஸ்டேட்கள்ல சுத்தி தனியார் நிலம் அடைச்சு, ரோடே இல்லாம கிடக்கிற ஃபெடரல் நிலம் 95 லட்சம் ஏக்கர்னு 2018ல கணக்கு எடுத்தாங்க, அடுத்த வருஷம் ஸ்டேட் நிலம் 63 லட்சம் ஏக்கர்னும் வந்துச்சு. ஃபெடரல் நிலம் அடைபட்டுக் கிடக்கிறதுல வயோமிங்தான் முதல், 30 லட்சம் ஏக்கர். அதாவது பாதி ஸ்டேட் பொது நிலம்னு பெருமையாச் சொல்ற இடத்துல ஒரு பெரிய துண்டுக்கு ஹெலிகாப்டர்லதான் போக வேண்டியிருந்துச்சு.

காரணம் 1860கள்ல ரயில்வேக்கு நிலம் கொடுத்த விதம். தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு சதுர மைல் ரயில்வேக்கு, அடுத்த சதுர மைல் அரசாங்கத்துக்குன்னு செஸ் போர்டு மாதிரி மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொதுன்னு வச்சுக்கிட்டா, ரெண்டு வெள்ளைக் கட்டமும் மூலையில மட்டும்தான் தொட்டுக்கும். அந்த மூலைய தாண்டினா அத்துமீறலா இல்லையான்னு நூறு வருஷத்துக்கு மேல தெளிவே இல்லாம இருந்துச்சு.

2020ல மிசௌரிலேர்ந்து வேட்டைக்காரங்க சில பேர் வயோமிங்ல எல்க் மவுண்டன்கிட்ட போனாங்க. மூலையில சர்வே கல் இருக்கிற இடத்துல ரான்ச்காரங்க (ரான்ச்னா பெரிய மாட்டுப் பண்ணை) ரெண்டு இரும்புக் கம்பி நட்டு, நடுவுல சங்கிலி போட்டு, பூட்டும் போட்டு, உள்ள வராதேன்னு போர்டு மாட்டி வச்சிருந்தாங்க. இவங்க அந்தக் கம்பிய பிடிச்சுச் சுத்தி அந்தப் பக்கம் கால் வச்சாங்க. 2021ல நாலு பேரா திரும்ப வரும்போது கம்பியக்கூடத் தொடக் கூடாதுன்னு ஒரு இரும்பு ஏணியே செஞ்சு எடுத்துட்டு வந்து, ஒரு பொதுக் கட்டத்துலேர்ந்து இன்னொரு பொதுக் கட்டத்துக்கு ஏறி இறங்கினாங்க, தனியார் மண்ணுல ஒரு கால் படல. அதுக்கு கிரிமினல் கேஸ், அது போதாதுன்னு நிலத்துக்காரர் என் நிலத்தோட மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல குறைஞ்சு போச்சுன்னு சிவில் கேஸ். 2022ல ஜூரி விடுதலை பண்ணிடுச்சு, 2025 மார்ச்ல 10வது சர்க்யூட்னு சொல்ற ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட் 1885ம் வருஷத்து வேலிச் சட்டத்த எடுத்து வச்சு, பொது நிலத்துக்கு மக்கள் போறத வேலி போட்டுத் தடுக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் மேல்முறையீட்ட எடுத்துக்கல.

அந்த 70 லட்சம்ங்கிற நம்பர்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுச்சு. பொது மக்கள் வர முடியாத வரைக்கும் அந்தப் பொது நிலத்தோட மதிப்பும் சேர்ந்து ரான்ச் விலையில ஏறியிருக்குன்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. நம்ம எல்லாரோட சொத்து ஒருத்தர் பத்திரத்துல போய் உட்கார்ந்திருக்கு.

இந்தத் தீர்ப்பு அந்த கோர்ட்டோட எல்லைக்குள்ள வர்ற வயோமிங், யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமாவுக்குத்தான் கட்டுப்படும். மொன்டானா அதுல வராது, அங்க மூலை தாண்டறது சட்டப்படி இல்லன்னுதான் அந்த ஸ்டேட்டோட வனவிலங்குத் துறை இன்னும் சொல்லிட்டு இருக்கு.

ஆத்துல இறங்கலாமா?

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் தலைகீழா மாறும். மொன்டானால தாராளம், 1984ல டியர்பார்ன், பீவர்ஹெட் ஆறுகள வச்சு நடந்த ரெண்டு கேஸ்ல அந்த ஸ்டேட்டோட சுப்ரீம் கோர்ட் ஆறு மக்களோடதுன்னு சொன்னுச்சு, 1985ல சட்டமே வந்துடுச்சு, பொதுப் பாலத்துல இறங்கிட்டா வழக்கமா தண்ணி ஏறுற உச்ச மட்டம் வரைக்கும் கரையில நடந்துக்கிட்டே மீன் பிடிக்கலாம், ரெண்டு பக்கமும் யாரோட ரான்ச்சா இருந்தாலும் சரி. கொலராடோல படகுல மிதந்துக்கிட்டுப் போறப்ப கீழ இருக்கிற தனியார் ஆத்துப் படுகையில கால் பட்டா அத்துமீறல்னு 1979ம் வருஷத் தீர்ப்பு. யூட்டால 2008ல கோர்ட் மக்களுக்குக் கொடுத்த உரிமைய 2010ல சட்டசபை சட்டம் போட்டுச் சுருக்கிடுச்சு. நியூ மெக்சிகோல 2022ல கோர்ட் மக்கள் பக்கம் நின்னுச்சு.

கொலராடோ மொன்டானாவ விடப் பணக்கார ஸ்டேட், டென்வர் ஒண்ணே போதும். ஆனா கையில காசு இல்லாத ஒரு மெக்கானிக் ஞாயித்துக்கிழமை பையனக் கூட்டிட்டு மீன் பிடிக்கப் போறதுக்கு மொன்டானா எவ்ளோ மேல்! இது எந்த ஜிடிபி கணக்குலயும் வராது.

பொது நிலம் இல்லாம மக்களுக்கு வழி விட்ட ஸ்டேட் இருக்கா?

மெய்ன். 90 சதவீதத்துக்கு மேல தனியார் நிலம், பெரும்பாலும் மரக் கம்பெனிங்களோட காடு, ஆனா வடக்குக் காட்டுல மக்கள் நடக்க, மீன் பிடிக்க, வேட்டையாட காலங்காலமா விட்டு வச்சிருக்காங்க. 10 ஏக்கருக்கு மேல இருக்கிற இயற்கை ஏரிக்கு மக்கள் போலாம்ங்கிறது 1640கள்ல, காலனிக் காலத்துல போட்ட சட்டத்துலேர்ந்து வர்றது. கேன்சஸ்லயும் ஸ்டேட் விவசாயிங்ககிட்ட வருஷ வாடகை கொடுத்து 10 லட்சம் ஏக்கருக்கு மேல வேட்டைக்குத் திறந்து வச்சிருக்கு. மொன்டானால இதே மாதிரி திட்டத்துல சுமார் 70 லட்சம் ஏக்கர். என்ன, கையெழுத்துல நிக்கிற உரிமை இது, நிலம் கை மாறினா புது ஓனர் கேட்டைப் பூட்டிடலாம்.

ஸ்டேட் டிரஸ்ட் லேண்ட்னா என்ன, அதுக்குள்ள போலாமா?

ஸ்டேட் உருவாகும்போது ஒவ்வொரு டவுன்ஷிப்புலயும் (36 சதுர மைல் கொண்ட ஒரு சர்வே கட்டம்) ஒண்ணு, ரெண்டு, நாலு சதுர மைல்னு ஸ்கூலுக்கு வருமானம் வர்றதுக்காக ஃபெடரல் கொடுத்த நிலம். இது பொழுதுபோக்குக்கு இல்ல, சட்டப்படி ஸ்கூலுக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கணும். அதனால அரிசோனா, நியூ மெக்சிகோல பெர்மிட் வாங்கணும், கொலராடோல பெரும்பாலும் மூடியே இருக்கும். ஸ்டேட்டோட நிலம்தானேன்னு உள்ள போயிடாதீங்க.

இந்த நிலத்த வச்சு ஸ்டேட்டுங்க நடந்துக்கிட்ட விதத்துலேர்ந்து நிறைய தெரிஞ்சுக்கலாம். நெவாடா தனக்குக் கிடைச்சதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் வித்துடுச்சு, மிச்சம் சுமார் 3,000 ஏக்கர். வயோமிங்ல கிராண்ட் டீட்டன் பார்க் எல்லைக்குள்ள கெல்லிங்கிற ஊர்கிட்ட 640 ஏக்கர் டிரஸ்ட் நிலம் இருந்துச்சு, எதிர்ல மலை அப்படியே நிக்கும், ப்ராங்ஹார்ன் மான் கூட்டம் அந்த வழியாத்தான் போகும். மேய்ச்சல் லீஸ்ல வருஷத்துக்கு மூவாயிரம் டாலர் கூட வரல. ஏலம் விட்டா பங்களா கட்டியிருப்பாங்க. கடைசில 2024 டிசம்பர்ல பார்க்குக்கே 10 கோடி டாலருக்கு வித்தாங்க, கடல் எண்ணெய் வருமானத்துலேர்ந்து வர்ற நில நீர்ப் பாதுகாப்பு நிதி 6 கோடி சொச்சம், மிச்சம் நன்கொடை. ஸ்கூல் நிதிக்கு 10 கோடி, மக்களுக்கு நிலம், மானுக்கு வழி. யாரும் தோக்காத வியாபாரம் ரொம்ப அபூர்வம், இது அதுல ஒண்ணு.

கவுண்டிக்கு வரி போச்சுன்னு சொல்றாங்களே, அது நியாயமா?

நியாயம்தான், இதை நகரத்துல இருக்கிறவங்க காது கொடுத்துக் கேட்கணும். ஃபெடரல் நிலத்துக்குச் சொத்து வரி போட முடியாது. யூட்டால மோவாப் இருக்கிற கிராண்ட் கவுண்டில நூத்துல நாலஞ்சு பங்குதான் தனியார் நிலம், அந்தத் துண்டுல வர்ற வரியிலதான் ரோடு, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் ஓடணும், வெளியூர்க்காரன் பாறையில மாட்டிக்கிட்டா தேடிப் போய்க் காப்பாத்துறதும் கவுண்டி ஷெரிஃப்தான். வரிக்குப் பதிலா ஃபெடரல் கொடுக்கிற பில்ட்னு ஒரு பணம் 1976லேர்ந்து வருது, 2023ல நாடு முழுக்க 57 கோடி டாலருக்கு மேல, ஏக்கருக்கு சராசரியா ஒரு டாலர் கணக்குத்தான் ஆகுது. அதுவும் எவ்ளோன்னு வாஷிங்டன்லதான் முடிவாகும். மரம் வெட்டுற வருமானத்துல 25 சதவீதம்னு 1908லேர்ந்து வந்துட்டு இருந்தது 90கள்ல மரம் வெட்டுறது குறைஞ்சதும் ஆரிகன்ல கவுண்டிங்க லைப்ரரியயே மூடுற அளவுக்குப் போச்சு. இதுக்கு நிலத்த விக்கிறது பதில் இல்ல, இந்தப் பணத்த ஏத்தி, நிரந்தரமா ஆக்குறதுதான் பதில்.

அப்போ எல்லாத்தையும் ஸ்டேட்டுக்கே கொடுத்துட்டா என்ன?

யூட்டா 2012லயே கொடுன்னு சட்டம் போட்டுச்சு. 2014ல அந்த ஸ்டேட் யுனிவர்சிட்டிங்களே உட்கார்ந்து கணக்குப் பார்த்ததுல நிலத்தப் பராமரிக்க வருஷத்துக்கு சுமார் 28 கோடி டாலர் கூடுதலா ஆகும்னு வந்துச்சு, எண்ணெய் விலை நல்லா இருந்தாதான் கட்டுப்படியாகும். காட்டுத் தீ அணைக்கிற செலவு மோசமான வருஷத்துல ஃபெடரலுக்கே பல பில்லியன் டாலர், ஸ்டேட் பட்ஜெட்ட கடன் வாங்காம முடிச்சாகணும், அப்போ கஷ்ட காலத்துல கையில விக்கிறதுக்கு இருக்கிறது நிலம்தான். 2024 ஆகஸ்ட்ல 1.85 கோடி ஏக்கர் கேட்டு யூட்டா நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 2025 ஜனவரில கோர்ட் எடுக்கல. ஸ்டேட்டா சேரும்போது பொது நிலத்து மேல எங்களுக்கு எந்த உரிமையும் வேணாம்னு யூட்டாவே தன் அரசியல் சட்டத்துல எழுதிக் கொடுத்திருக்கு.

2025ல வந்த விற்பனைத் திட்டம் என்ன ஆச்சு?

யூட்டா செனட்டர் மைக் லீ, பெரிய பட்ஜெட் மசோதாவுல 11 மேற்கு ஸ்டேட்ல 20லேர்ந்து 30 லட்சம் ஏக்கருக்கு மேல வீடு கட்ட விக்கணும்னு சேர்த்தாரு. மொன்டானாவ மட்டும் விட்டுட்டாரு, ஏன்னா அங்க குடியரசுக் கட்சிக்காரங்களே ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். வேட்டைக்காரங்க, மீன் பிடிக்கிறவங்க, மலை ஏறுறவங்க, ரான்ச்காரங்கன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்காத ஆளுங்க எல்லாம் ஒரே பக்கம் நின்னாங்க, ஐடஹோ செனட்டர்ங்களும் முடியாதுன்னுட்டாங்க, ஜூன் 28ம் தேதி வாபஸ்.

வீடு பஞ்சம் இருக்கிறது உண்மைதான். ஆனா அதுக்கு ஏற்கனவே ஒழுங்கான வழி இருக்கு, 1998ம் வருஷச் சட்டத்துல லாஸ் வேகஸ சுத்தி இருக்கிற பிஎல்எம் நிலத்த ஏலம் விட்டு, அதுல 5 சதவீதம் ஸ்டேட் கல்விக்கு, 10 சதவீதம் தண்ணிக்கு, மிச்சம் 85ம் அங்கயே பார்க், நிலப் பாதுகாப்புன்னு திரும்பப் போகுது. நகரம் எங்க வளரணும்னு எல்லை கட்டி, பணம் எங்க போகணும்னு எழுதி வச்சு விக்கிறது வேற, பட்ஜெட் ஓட்டைய அடைக்க லட்சக்கணக்குல விக்கிறது வேற.

டூரிசத்துல வர்ற வேலைக்கெல்லாம் சம்பளம் எங்க கொடுக்கிறாங்க?

சரியான கேள்வி. வெளிப்புறப் பொழுதுபோக்குத் துறை 2023ல நாட்டோட ஜிடிபில 2.3 சதவீதம், 50 லட்சம் வேலைன்னு ஃபெடரல் புள்ளிவிவரத் துறையே சொல்லுது, ஸ்டேட் பங்குல ஹவாய், வெர்மான்ட், மொன்டானா எல்லாம் மேல நிக்கும். ஆனா அதுல நிறைய ஹோட்டல்ல பெட்ஷீட் மாத்துற வேலை. மோவாப் 50கள்ல யுரேனிய ஊர், அது போன பிறகு ஆர்ச்சஸ் பார்க்கும் பைக்கும் ஜீப்பும்தான் ஊரைக் காப்பாத்துச்சு, இன்னைக்கு அங்க வேலை செய்யிறவங்க வாடகை கட்ட முடியாம வேன்ல தூங்குறாங்க. வயோமிங்ல ஜாக்சன் ஊர் இருக்கிற டீட்டன் கவுண்டில தலைக்கு வருமானம் நாட்டுலயே முதல் இடம், அதே ஊர்ல சமையல்காரர் கணவாய் தாண்டி ஐடஹோலேர்ந்து பனியில தினமும் வண்டி ஓட்டிட்டு வர்றாரு. அந்த சராசரி வருமானத்த மட்டும் பார்த்து ஊர் செழிப்பா இருக்குன்னு எழுதுற கட்டுரைய நம்பாதீங்க.

வேற ஸ்டேட்டுக்கு மாறலாம்னு இருக்கேன், எதைப் பார்க்கணும்?

சதவீதத்தப் பார்க்காதீங்க. நீங்க குடி போற கவுண்டிலேர்ந்து அரை மணி நேரத்துல டிக்கெட் இல்லாம நடக்கிற இடம் இருக்கா, ஆத்துச் சட்டம் என்ன, டிரஸ்ட் நிலத்துக்கு பெர்மிட் உண்டா, இதைப் பாருங்க. அப்புறம் ஸ்டேட் பட்ஜெட் எண்ணெய், நிலக்கரின்னு ஒரே பொருள்ல நிக்குதா, நிரந்தர ஃபண்டு இருக்கா, அதை எதுக்குச் செலவு பண்றாங்க. அலாஸ்கா 1982லேர்ந்து வருஷா வருஷம் ஆளுக்கு இவ்ளோன்னு செக் கொடுக்குது, நியூ மெக்சிகோ குழந்தைங்களுக்குப் போடுது, ரெண்டுல உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுவும் ஒரு கணக்குதான். வீட்டு விலை, டாக்டர் எவ்ளோ தூரம், இதெல்லாம் நான் சொல்லவே வேண்டியதில்ல.

அம்மா அப்பா ஊர்லேர்ந்து வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போலாம்?

2026லேர்ந்து நேஷனல் பார்க் வருஷ பாஸ் இங்க குடியிருக்கிறவங்களுக்கு 80 டாலர், வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு 250. கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன், ஜயான் மாதிரி 11 பார்க்குல பாஸ் இல்லாத வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனியா 100 டாலர் கட்டணம் வேற. போறதுக்கு முன்னாடி பார்க் சைட்ல பார்த்துக்கோங்க. பக்கத்துலயே இருக்கிற பிஎல்எம், நேஷனல் ஃபாரஸ்ட் நிலத்துல பெரும்பாலும் இந்தக் கட்டணமே கிடையாது, காட்சியும் குறைவில்ல. பிஎல்எம் நிலத்துல பொதுவா 14 நாள் வரைக்கும் இலவசமா டென்ட் போடலாம், மோவாப் மாதிரி கூட்டம் அதிகமான ஊர்ல குறிச்சு வச்ச இடத்துல மட்டும்தான். தண்ணி நிறைய எடுத்துக்கோங்க, சிக்னல் இருக்காது, மேப்ப முன்னாடியே போன்ல டவுன்லோட் பண்ணிடுங்க, நிலம் யாரோடதுன்னு கலர்ல காட்டுற ஆப் ஒண்ணு கண்டிப்பா வேணும். மாட்டுக்காக வேலியில கேட் இருந்தா திறந்து உள்ள போயிட்டு, எப்படி இருந்துச்சோ அப்படியே மூடிட்டுப் போங்க.